வாய்க்காலுக்கு மேற்கே இருந்த பழசு

பாண்டிச்சேரியில் பழசுக்கு மரியாதை உண்டு. மஞ்சள் பூசிய சுவர், காகிதப்பூ தொங்கும் வாசல், பிரெஞ்சில் தெருப்பெயர் எழுதிய நீலப் பலகை. இதையெல்லாம் பார்க்கத்தான் வாரக்கடைசியானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசைகட்டி வருகின்றன. 1836 ஜூலை 1-ஆம் தேதி முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் 1979-இல் வேலையை நிறுத்திவிட்டது. ஆனாலும் கடற்கரையில் அது பத்திரமாக நிற்கிறது. 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே துக்கம் விசாரித்தது. உலக வங்கி நிதியில், பழைய வடிவம் மாறாமல் தூண் தூணாகத் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் அதை நின்று பார்க்கிறேன். செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தத் திறப்பு விழாவுக்குப் பத்து மாதம் முன்னால், 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஏ.எஃப்.டி. துணி மில்லை ஒரேயடியாக மூடினார்கள். 1898-இல் தொடங்கிய மில் அது. பழைய ஆட்கள் வாயில் இன்னும் ரோடியர் மில்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த தானே புயலில் கூரை போய், இயந்திரங்கள் நனைந்து, பாதி உயிராகக் கிடந்தது. கடைசியில் அந்தப் பாதியும் போயிற்று.

நம் ஊரை நடுவில் பிளந்துகொண்டு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பழசு என்றால் பாரம்பரியச் சின்னம். மேற்கே பழசு என்றால் காயலான் கடை. இதுதான் ரொம்ப நாளாக என் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது. கவர்னர் உட்கார்ந்த நாற்காலியை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு, நம் வீட்டு ஆயா பேசிய கேசட்டை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மில்லில் வேலை பார்த்த தாத்தாக்களின் டிபன் கேரியரும் அட்டெண்டன்ஸ் டோக்கனும் எங்கே போயின? எடைக்குப் போயின.

முதலில் அந்த மில்லின் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலியார்பேட்டை, வாணரப்பேட்டை, உப்பளம், நைனார்மண்டபம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஊதுவார்கள். சைரன் என்று யாரும் சொன்னதில்லை, சங்குதான். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் கடிகாரம். முதல் சங்குக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். அடுத்த சங்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். மாலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கடலூர் சாலையை நிறைத்துக்கொண்டு வரும், மணி அடித்தபடி, பஞ்சுத் தூசி படிந்த தலைகளோடு. கைக்கடிகாரம் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வரும் பொருளாக இருந்த காலம். ஊருக்கே பொதுவாக ஒரு நேரம் இருந்தது, அதைக் காதால் கேட்டார்கள்.

அந்தச் சங்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1936 ஜூலை 30-ஆம் தேதி ஊரின் இன்னொரு மில்லான சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசாங்கம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. அடுத்த வருஷம், 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. அதற்கு முன்னால் எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. எட்டு மணி நேரம் முடிந்ததும் ஊதிய சங்கில் அந்தப் பன்னிரண்டு பேரின் உயிரும் கலந்திருந்தது என்று தாத்தா சொல்வார். அவர் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மிகைப்படுத்திப் பேசுகிற மனிதர் இல்லை.

மில்லின் சுவர் இன்றும் நிற்கிறது. ஏ.எஃப்.டி. திடலில் பொருட்காட்சி போடுகிறார்கள். பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியபோது பஸ்களெல்லாம் அங்கேதான் வந்து நின்றன. சங்குதான் இல்லை. எப்படி இருக்கும் என்று கேட்கிற பிள்ளைக்கு நான் வாயால்தான் ஊதிக் காட்ட வேண்டும்.

பழைய சாமான்கள் கடைசியாக வந்து சேரும் இடம் காந்தி வீதி. ஞாயிற்றுக்கிழமையில் சண்டே மார்க்கெட்டுக்குள் நடந்திருக்கிறீர்களா? வீதியில் பெரும்பங்கு இப்போது புதுத்துணியும் செருப்பும்தான். ஆனால் கடைகளுக்கு நடுவே, சாக்கு விரித்துப் பழைய சாமான் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி, முகம் மஞ்சளான மர்பி ரேடியோ, பித்தளைத் தாழ்ப்பாள், ரப்பர் போட்டுக் கட்டிய ரிமோட் கட்டு, பிலிம் சுருள் போடும் யாஷிகா, வார் இல்லாத எச்.எம்.டி. கடிகாரம். எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் ஜப்பான்காரர்களின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கியது, 2016-இல் மூடிவிட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு வேலை கிடைத்தபோது வாங்கிக் கட்டியது எச்.எம்.டி.தான். இன்றும் சாவி கொடுத்தால் ஓடுகிறது. தினமும் காலையில் சாவி கொடுப்பார். ஒருநாள் மறந்தால் அடுத்த வீட்டில் மணி கேட்டுத் திருத்திவைப்பார். யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்துச் சாமான் எல்லாமே அப்படித்தான், இன்னொரு மனிதரிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

எஸ்.டி.டி. பூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் சி-டாட் தொடங்கிய பிறகு தொலைபேசி ஊருக்குள் பரவி, தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை வந்தது. நம் ஊரில் பாதித் தெருவுக்கு பிரான்சில் சொந்தக்காரர்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். எண்கள் ஓட ஓடப் பேச்சும் வேகமாகும். கடைசி நிமிஷத்தில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு டப்பென்று வைப்பார்கள். நிறைய பூத்துகளை மாற்றுத்திறனாளிகளுக்குத்தான் ஒதுக்கித் தந்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன் வந்தபோது நாம் வசதியைத்தான் பார்த்தோம். பூத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று யார் கேட்டோம்?

தந்திக்கு ஒரு வழியனுப்புதலாவது கிடைத்தது. 2013 ஜூலை 14 இரவோடு சேவை முடிகிறது என்று தெரிந்ததும், கடைசித் தந்தி கொடுக்க நாடு முழுக்க வரிசையில் நின்றார்கள். மற்றதற்கு அதுவும் இல்லை. ரேடியோவுக்குத் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய புத்தகம் எத்தனை வீட்டில் இருக்கும்? கடலோர ஊர் என்பதால் நமக்கு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி கேட்கும். மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் அதிக இழப்பில்லாமல் வரும். அதன் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் என் பெரியம்மா நம்பியிருக்க மாட்டார். மூக்கு நீண்ட பழைய டெம்போவில் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து போனதைப் பற்றி எழுதப் போனால் அது தனிக் கதை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழசு என்பதாலேயே எதற்கும் ஏங்குகிறவன் இல்லை நான். புதுவை அருங்காட்சியகத்தில் ஒரு புஷ்-புஷ் வண்டி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வண்டி. உட்கார்ந்திருப்பவர் கையில் திசை திருப்பும் கம்பி இருக்கும். பின்னாலிருந்து ஒரு மனிதர் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். அழகான வண்டிதான். அது ஒழிந்தது நல்லது. அதைக் காட்சிக்கு வைத்ததும் நல்லதுதான். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தள்ளியவரைத்தான் தேடத் தோன்றுகிறது. அவர் காலில் என்ன போட்டிருந்தார், என்ன கூலி, ராத்திரி எங்கே தூங்கினார்? வண்டி இருக்கிறது, அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல அங்கே ஒரு பொருளும் இல்லை. வாய்க்காலுக்கு மேற்கே இருந்ததை விட்டுவிட்டால் இதுதான் நடக்கும்.

இனி கேசட்டுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த சின்னப் பிளாஸ்டிக் டப்பா, நம் ஊருக்குள் எழுபதுகளின் கடைசியில் நுழைந்து எண்பதுகளில் ஒவ்வொரு வீட்டையும் பிடித்துக்கொண்டது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்பது பெரிய விவாதம். தொண்ணூறில் நாடா மெலிசு, சிக்கும். சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். இதெல்லாம் தமிழ்நாடு முழுக்க உள்ள கதை. பாண்டிக்கென்று ஒரு கதை தனியாக உண்டு, அது பேசி அனுப்பிய கேசட்.

பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். என் சித்தப்பாவின் அப்பா அவர்களில் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அப்படித்தான் என் சித்தி கல்யாணமாகி பாரிஸ் புறநகருக்குப் போனாள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் பேசினால் காசு. அதனால் சித்தி முதல் லீவுக்கு வந்தபோது ஒரு பானாசோனிக் டேப்ரிக்கார்டரும் காலிக் கேசட்டும் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனாள். சிவப்பு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பதியும் என்று ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். யாராவது பிரான்சுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் வடாம், மிளகாய்த்தூளோடு கேசட்டும் போகும். அங்கிருந்து வருகிறவர் கையில் பதில் வரும்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. பிரான்சில் பிள்ளைகள் இருந்த வீடுகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன். வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளிலும் இதே வழக்கம் இருந்தது. எழுதத் தெரியாத பெண்கள் யார் தயவும் இல்லாமல், தபால்காரரையோ பள்ளிக்கூடத்துப் பையனையோ கெஞ்சாமல், தங்கள் வாயால் தங்கள் விஷயத்தைச் சொன்னது அந்தக் கேசட்டில்தான். அவர்கள் கையெழுத்து எந்த ஆவணத்திலும் கிடையாது. ஆனால் அவர்கள் பேச்சு, மூச்சு வாங்குவது உட்பட, காந்தம் பூசிய நாடாவில் பதிந்து கிடக்கிறது. வரலாறு எழுதுகிறவர்கள் இதைவிட நல்ல சான்றை எங்கே தேடுவார்கள்?

சித்தி அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப்போடவில்லை. போன வருஷம் ஊருக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தாள். அதில் ஆயா பேசிய கேசட் ஒன்றின் மேல்விளிம்பில், யாரும் தெரியாமல் அழித்துவிடாதபடி, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருந்தது. தாத்தா செய்த வேலை. அதை உடைத்தால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. வீட்டு டேப்ரிக்கார்டரோ பரணில் செத்துக் கிடந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு காந்தி வீதிக்குப் போனேன். பழைய வாக்மேன்களைச் சாக்கில் பரப்பியிருந்த பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கும் தம்பி. பெல்ட்டுதான் உருகிப் போயிருக்கும். ரப்பர் இல்ல?”

“பெல்ட் கிடைக்குமாண்ணே?”

“கெடைக்கும். கேசட்டை இப்ப போட்டுப் பாத்துடாத. பூசணத்தோட ஓட்டுனா ஹெட்டும் போயிடும், நாடாவும் போயிடும். வீட்டாண்ட கொண்டாந்து குடு.”

அவர் வேலை செய்வதை நானும் சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாச் சுருள் இரண்டையும் குலையாமல் தூக்கி, நல்ல கேசட் ஒன்றின் கூட்டுக்குள் மாற்றினார். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சின்னப் பஞ்சுத்துண்டு ஒன்று உள்ளே இருக்கும். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிவிடும். அதை வேறொன்றிலிருந்து எடுத்து ஒட்டினார். மெல்லிய துணியை வைத்து நாடாவை மெதுவாக ஓட்டிப் பூசணத்தைத் துடைத்தார். மெஷினில் போட்டதும், ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருகைக் கடுகளவு திருப்பித் திருப்பிக் காது கொடுத்தார். எந்தக் கருவியும் இல்லை. குரல் தெளிந்ததும் விரலை எடுத்தார். அந்தக் காதும் அந்த விரலும் இந்த ஊரின் சொத்து. அவருக்குப் பிறகு இதைச் செய்ய அவர் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

“ஏம்மா, கேக்குதா?” என்று ஆயா ஆரம்பித்தாள். தூரத்தில் இருக்கிற மகளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே பேசினாள். வீராம்பட்டணம் தேருக்குப் போனதையும், கவர்னர் வந்து வடம் பிடித்ததையும் சொன்னாள். நெத்திலி விலை ஏறிவிட்டதைச் சொன்னாள். பக்கத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, நான் பரீட்சையில் தேறியது, கொல்லை முருங்கை காற்றில் விழுந்தது. நடுவே மீன்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு போகிறார். ஒரு சைக்கிள் மணி. கோழி ஒன்று. அப்புறம், தூரத்தில் ஆரம்பித்து, மேலே ஏறி, ஆயாவின் குரலையே மூடுகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம்.

“சங்கு ஊதிடுச்சி பாரு. உங்கப்பா வந்துடுவாரு. நான் வெக்கிறேன்.”

சித்தி அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். மெஷினைச் சரிசெய்த பெரியவர், “ரோடியர் மில்லு” என்றார். அவர் அண்ணனும் அங்கே வேலை பார்த்தவராம்.

எந்த அருங்காட்சியகமும் பதிந்துவைக்காத சத்தத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி தனக்குத் தெரியாமலே பதிந்துவைத்திருக்கிறாள். ஊரில் இப்படி எத்தனை டப்பாக்கள் பரணில் இருக்கும், எத்தனை போன மாதம் குப்பை வண்டியில் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

முடியாத காரியமா என்றால் இல்லை. இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைத் திரட்டியது. ஓலையும் ஒரு காலத்தில் வழக்கொழிந்த தொழில்நுட்பம்தானே, ஆற்றில் விட்டதும் அடுப்பில் போட்டதும் போக மிஞ்சியதுதானே. இன்று புதுவையில் உள்ள சைவச் சுவடிகள், சுமார் 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005 முதல் இருக்கின்றன. அதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களையும் தேடி எடுத்து மின்படமாக்கியது. நெகடிவில் உள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்ட காலத்தில், நம் தாத்தா பாட்டிகள் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட படங்களைச் சேமித்த வேலை அது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1989-இல் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலையில் உட்கார்ந்தார். சுவடிக்கும் படத்துக்கும் கதைக்கும் ஆள் கிடைத்தது என்றால் கேசட்டுக்கும் மில் டோக்கனுக்கும் பூத் மீட்டருக்கும் கிடைக்க வேண்டும். ஏ.எஃப்.டி. வளாகத்தில் எத்தனையோ திட்டம் பேசுகிறார்கள். அதில் ஒரு கொட்டகையை இதற்கு ஒதுக்கினால் போதும் என்று நான் கேட்கிறேன், உரக்கவே கேட்கிறேன். மில்லில் ஓடிய தறி ஒன்று, மூக்கு நீண்ட டெம்போ ஒன்று, அவற்றை ஓட்டியவர்கள் தங்கள் வாயால் சொன்ன விவரம். மேரி கட்டடத்துக்குச் செலவழித்ததில் துளி போதும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், ஏனென்றால் நாடா காத்திருக்காது. பரணில் கேசட் இருந்தால் இறக்குங்கள். பூசணம் தெரிந்தால் மெஷினில் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாக இருந்தாலும், கேட்பதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும். மெஷினின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் போட்டுக் கணினியில் பதியலாம். அதற்கான ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பிரதியைச் சுருக்காமல் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், எம்.பி.3 அப்புறம் செய்துகொள்ளலாம். மேலே சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். பேசிய கேசட்டின் மேல் பாட்டுப் பதிந்திருப்பார்கள். பாட்டு முடிந்த பிறகு கடைசி இரண்டு நிமிஷத்தில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

பதியும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். யார் குரல், எந்தத் தெரு, பின்னால் கேட்கிற சத்தம் எது என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் சொல்வதையும் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.